பரண் மேலுள்ள நெகட்டிவ் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்: ஓய்வுக்குப் பின் சேலத்தில் ஒரு வீட்டு இருட்டறை

ஓய்வு பெற்றதும் ஃபிலிம் போட்டோவுக்குத் திரும்ப நினைக்கிற நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம்?" என்றுதான். கேமரா கடைசியில் போதும் என்பேன். முதலில் பரண் மேல் கிடக்கிற கறுப்பு-வெள்ளை நெகட்டிவ் பெட்டியை இறக்குங்கள். அதை வைத்து பிரிண்ட் போடப் பழகுங்கள். அது கைவந்த பிறகு ஃபிலிமை மருந்தில் கழுவப் பழகுங்கள். கேமரா அதற்கப்புறம்.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. பிரிண்ட் போடுவது சிவப்பு வெளிச்சத்தில் நடக்கிற வேலை. செய்வது கண்ணுக்குத் தெரியும். தப்பு நேர்ந்தால் ஒரு துண்டு பேப்பர் வீணாகும், அவ்வளவுதான். ஃபிலிம் கழுவுவது கும்மிருட்டில் தொடங்குகிற வேலை. அதில் கை தவறினால் முப்பத்தாறு படமும் ஒரேயடியாகப் போய்விடும். அந்த நாளைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் இழப்பு குறைவான தப்புகளை முதலில் செய்து முடித்துவிடுவோம்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் மாலை வேளைகளில் அம்மாபேட்டையில் என் தாய்மாமன் ஸ்டூடியோவில்தான் இருப்பேன். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் பேப்பரும் தயாரித்துக்கொண்டிருந்த காலம். ட்ரேயை ஆட்டுவதும் பிரிண்டைக் கழுவிக் கொடியில் மாட்டுவதும் என் வேலை. பிறகு உத்தியோகம், குடும்பம் என்று முப்பத்தைந்து வருடம் அதை மறந்தே போனேன். ஓய்வு பெற்று மீண்டும் தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. கீழே சொல்வதெல்லாம் சேலத்து வெயிலிலும் சேலத்துத் தண்ணீரிலும் செய்து பார்த்தவை.

பெட்டியைத் திறக்கும்போது

விசிறியை நிறுத்திவிட்டு, மேஜையில் வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள். நெகட்டிவை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். விரல் ரேகை ஒருமுறை பதிந்தால் வருஷக்கணக்கில் அதிலேயே பூஞ்சை பிடித்துக்கொள்ளும். தூசியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்; ரப்பர் ஊதுகுழல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிப்போனவற்றைப் பிய்க்க வேண்டாம். காடி நாற்றம் அடித்தால் அந்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைத் தனி உறையில் போட்டு மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். முதலில் பிரிண்ட் போட வேண்டியதும் அதுதான்.

நம் வீடுகளில் இரண்டு அளவு நெகட்டிவ் கிடைக்கும். ஒன்று 35 மில்லிமீட்டர். இன்னொன்று அக்ஃபா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராக்களில் 120 ஃபிலிமில் எடுத்தது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம், ஒவ்வொன்றும் ஆறு சென்டிமீட்டர் சதுரம். பெரியது கிடைத்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். பேப்பர் மேல் அப்படியே வைத்து பிரிண்ட் போட்டாலே முகம் தெளிவாகத் தெரியும். படத்தைப் பெரிதாக்குகிற என்லார்ஜர் தேவையில்லை.

குளியலறையை இருட்டாக்குவது

தனி அறை ஒதுக்க முடிந்தால் நல்லது. பெரும்பாலோருக்குக் குளியலறைதான். ஜன்னலை கறுப்பு சார்ட் அட்டை இரண்டு மடிப்பு வைத்து மூடுங்கள். கதவுக்குக் கீழே கறுப்புத் துணியைச் சுருட்டி வையுங்கள். பிறகு உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வயதாக ஆக நம் கண் இருட்டுக்குப் பழக அதிக நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் தெரியாத ஓட்டை பத்தாவது நிமிடத்தில் தெரியும். இரவு ஏழு மணிக்கு மேல் வேலை செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நம் வயதுக்கு என்று சில விஷயங்கள் இருக்கின்றன, இவற்றில் அலட்சியம் வேண்டாம். தரையில் ரப்பர் பாய் போடுங்கள், வழுக்கி விழுந்தால் போட்டோ மட்டுமல்ல, எல்லாமே நின்றுபோகும். உட்கார ஸ்டூல் வேண்டும். கதவை உள்தாழ்ப்பாள் போடாதீர்கள். வெளியே ஒரு காகிதத்தில் 'திறக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டிவிட்டு, வீட்டில் இருப்பவர்களிடம் எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். குறித்த நேரம் தாண்டினால் என் மனைவி, "ஏங்க, இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் வருகிறது என்ற தைரியத்தில்தான் நான் உள்ளே நிம்மதியாக வேலை செய்கிறேன். ஈரக் கையோடு சுவிட்ச் தொடக் கூடாது. பேப்பர், விளக்கு எல்லாம் ஒரு பக்கம், தண்ணீர் படுகிற ட்ரேக்கள் மறுபக்கம். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் ஓடட்டும், அதன் வழியே வெளிச்சம் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துகளைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் வருகிற வீடு. பெரிய எழுத்தில் பெயரும் கலக்கிய தேதியும் எழுதி, பூட்டுகிற அலமாரியில் வையுங்கள். படத்தை வெளிக்கொண்டுவருகிற மருந்துக்கு டெவலப்பர் என்று பெயர்; அதில் உள்ள மெட்டால் என்ற ரசாயனம் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். கையுறை போட்டுக்கொண்டு, பிரிண்டை இடுக்கியால் எடுக்கப் பழகுங்கள்.

முதல் பிரிண்ட்

மூன்று பிளாஸ்டிக் ட்ரே வேண்டும். முதல் அக்ரஹாரம் பக்கம் பாத்திரக் கடையில் வாங்கியதே எனக்குப் போதுமாக இருக்கிறது. சிவப்பு விளக்கு ஒன்று, வெள்ளை ஜீரோ வாட் பல்ப் ஒன்று, ஓரம் மழுக்கிய கனமான கண்ணாடி ஒன்று. பேப்பருக்கு, பிளாஸ்டிக் பூச்சுள்ள மல்டிகிரேடு வகையில் 5×7 அளவு வாங்குங்கள். கடைசியில் தண்ணீரில் அலச இரண்டு நிமிடம்தான் ஆகும். ஸ்டூடியோ காலத்து ஃபைபர் பேப்பர் அழகுதான், ஆனால் அதை நீண்ட நேரம் அலச வேண்டும். நம் ஊர்த் தண்ணீர்க் கஷ்டத்தில் அது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய ஆசை. பேப்பரும் மருந்தும் சென்னை, பெங்களூரு, மும்பைக் கடைகளிலிருந்து கூரியரில் வரும். சித்திரை வெயிலில் வரவழைக்காதீர்கள். மார்கழி, தை மாதங்களிலேயே வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. இரண்டு மணி நேரமாவது அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் உள்ளே வியர்த்துவிடும்.

முதல் ட்ரேயில் பேப்பர் டெவலப்பர். இரண்டாவதில் டெவலப்பரின் வேலையை நிறுத்துகிற ஸ்டாப் பாத். லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்தால் போதும், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மூன்றாவதில் படத்தை நிலைக்க வைக்கிற ஃபிக்ஸர், ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொல்வது. டெவலப்பரில் ஒரு நிமிடம், ஸ்டாப்பில் பத்து வினாடி, ஹைப்போவில் பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரம்.

சிவப்பு விளக்கு உண்மையிலேயே பாதுகாப்பானதா என்று முதலில் சோதித்துவிடுங்கள். ஒரு துண்டு பேப்பருக்கு வெள்ளை விளக்கை இமைப்பொழுது காட்டுங்கள், டெவலப் செய்தால் இளஞ்சாம்பல் நிறம் வருகிற அளவுக்கு. பிறகு அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, சிவப்பு விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் விட்டு, டெவலப் செய்து பாருங்கள். காசின் வட்டம் தெரிந்தால் விளக்கைத் தள்ளி வைக்க வேண்டும், இல்லை மாற்ற வேண்டும். சாயம் பூசிய மலிவு பல்புகள் இந்தச் சோதனையில் அடிக்கடி தோற்றுப்போகின்றன.

இப்போது பேப்பரின் பளபளப்பான பக்கம் மேலே இருக்கட்டும். அதன் மேல் நெகட்டிவின் மங்கலான பக்கம் கீழே பார்க்க வையுங்கள். மேலே கண்ணாடி. ஜீரோ வாட் பல்ப் ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கட்டும். பேப்பரை முழுதாகப் போடாமல் ஒரு துண்டு மட்டும் வெட்டி வைத்து, அட்டையால் மூடிக்கொண்டே இரண்டிரண்டு வினாடியாக வெளிச்சம் காட்டுங்கள். டெவலப் செய்தால் வெளிறியதிலிருந்து கறுத்தது வரை படிப்படியாகப் பட்டைகள் தெரியும். எந்தப் பட்டையில் முகம் சரியாக இருக்கிறதோ, அந்த நேரம்தான் உங்கள் நேரம். எல்லாப் பட்டையும் கறுப்பாக வந்தால் பல்பை இன்னும் உயர்த்துங்கள்.

நான் முதலில் போட்டது என் அம்மாவின் படம். ஏற்காடு ஏரிக்கரையில் அப்பா எடுத்தது, வருஷம் எழுதப்படவில்லை. பேப்பர் ட்ரேயில் விழுந்து பதினைந்து வினாடிக்கு ஒன்றுமே இல்லை. பிறகு கறுப்பானவை முதலில் வந்தன: கூந்தல், இரண்டு புருவம், புடவையின் கரை. அதற்குப் பிறகுதான் கன்னம், அதற்கும் பிறகு பின்னால் ஏரித் தண்ணீர். மூக்குத்தி கடைசி வரை வெள்ளையாகவே நின்றது. வாசலில் படம் வைத்து மாலை போட்டிருந்த முகத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இப்படி அவர் வந்து சேர்வதைப் பார்த்தது அன்றுதான். படம் கறுக்கிறதே என்று பயந்து பாதியில் வெளியே எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். ஒரு நிமிடம் முழுதாக இருக்கட்டும். அதிகம் கறுத்தால் குறைக்க வேண்டியது வெளிச்சத்தை, மருந்தில் இருக்கும் நேரத்தை அல்ல.

ஒரு மாதம் இப்படிப் போட்டுப் பழகிய பிறகு என்லார்ஜர் தேடலாம். மூடிவிட்ட ஸ்டூடியோக்களில் தூசி படிந்து நிற்கின்றன. 35 மில்லிமீட்டர் நெகட்டிவுக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஆறு சென்டிமீட்டர் சதுரத்துக்கு 75 அல்லது 80. லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா, தலைப்பகுதி ஆடாமல் நிற்கிறதா, இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதைச் சரிசெய்துகொள்ளலாம்.

ஃபிலிம் கழுவுவது: வெயில்தான் முதல் எதிரி

எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் 20 டிகிரி என்று எழுதியிருக்கும். கோடையில் சேலத்து மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் சில நாள் 35 டிகிரியைத் தொடுகிறது. இதை மதிக்காமல் நான் ஒரு ரோலை இழந்தேன். சித்திரை மாதம், பேத்தியின் காதுகுத்துக்கு எடுத்த படங்கள். டெவலப்பரை ஐஸ் வைத்து 22 டிகிரிக்குக் கொண்டுவந்து ஒழுங்காகக் கழுவினேன். பிறகு யோசிக்காமல் குழாயைத் திறந்து ஃபிலிமை அலசினேன். குளிர்ந்த ஃபிலிமில் சூடான தண்ணீர் பட்டதும் ஃபிலிமின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு திடீரென்று உப்பிச் சுருக்கம் விழுந்து, கோடையில் வற்றிய மூக்கனேரி மண் மாதிரி படம் முழுக்க நுண்ணிய வெடிப்புகள். குழந்தை அழுகிற முகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அன்று கற்றது இது: மருந்து, ஸ்டாப், ஹைப்போ, அலசுகிற தண்ணீர், நான்கும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசத்துக்குள். 20 டிகிரிதான் வேண்டும் என்பதில்லை. நம் ஊருக்கு 24 டிகிரி நல்ல இலக்கு. அதற்கு மண்பானை போதும். முந்தின இரவு இரண்டு பானையில் தண்ணீர் ஊற்றி, காற்று வருகிற இடத்தில் மணல் மேல் வைத்துவிடுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு என் பானைத் தண்ணீர் கார்த்திகையில் 22, பங்குனியில் 25, சித்திரையில் 27 காட்டுகிறது. இரண்டு மூன்று டிகிரி குறைக்க வேண்டியிருந்தால், ஐஸ் கட்டியை பிளாஸ்டிக் பையில் கட்டிப் பேசினில் போட்டு, மருந்து பாட்டில்களை அதில் நிறுத்துங்கள். ஐஸை மருந்துக்குள் போடக் கூடாது. நல்ல தெர்மாமீட்டர் ஒன்றுக்குக் கணக்குப் பார்க்காமல் செலவு செய்யுங்கள். கடைகளில் மற்ற எந்தச் சாமானையும்விட அதுதான் முக்கியம்.

சூடு ஏறினால் நேரம் குறைய வேண்டும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமை ஐடி-11 என்ற டெவலப்பர் மருந்தில், மருந்து ஒரு பங்கு தண்ணீர் ஒரு பங்கு என்று கலந்து கழுவினால், 20 டிகிரியில் 13 நிமிடம். 24 டிகிரியில் அது சுமார் 9 நிமிடம். தண்ணீர் கலக்காத மருந்து 20 டிகிரியிலேயே ஏழரை நிமிடம்தான். நம் சூட்டில் அது ஐந்து நிமிடத்துக்கு வந்துவிடும். அவ்வளவு குறைந்த நேரத்தில் மருந்து ஒரு சீராகப் பிடிக்காது, வானத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். ஆகவே வெயில் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் கலந்த மருந்துதான் சரி.

ஃபிலிமைக் கழுவுவது டேங்க் என்கிற, வெளிச்சம் புகாத மூடி போட்ட டப்பாவில்; அதற்குள் ஃபிலிமைச் சுற்றி வைக்கிற சுருள்தான் ரீல். ரீலில் ஃபிலிம் சுற்றுவது விரல் வேலை. இதற்குச் சிவப்பு விளக்கும் ஆகாது. கொஞ்சமும் வெளிச்சமில்லாத இருட்டு வேண்டும். சினிமாவில் சிவப்பு விளக்கடியில் ஃபிலிமைத் தூக்கிப் பார்ப்பதை நம்பிவிடாதீர்கள். ஒரு வீணான ரோலை எடுத்து, முதலில் வெளிச்சத்தில் இருபது முறை, பிறகு டிவி பார்த்துக்கொண்டே ரீலைப் பார்க்காமல் இருபது முறை, பிறகு இருட்டில் சுற்றிப் பாருங்கள். ஃபிலிமின் முனை இரண்டையும் கத்தரியால் லேசாக வளைத்து வெட்டினால் ரீலில் தடங்கலின்றி ஏறும். பிளாஸ்டிக் ரீலில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் பாதியில் சிக்கிக்கொள்ளும், வியர்த்த கையும் அப்படியே. அதனால்தான் விடியற்காலையைச் சொல்கிறேன். சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள். எல்லாவற்றையும் டேங்குக்குள் போட்டு மூடிவிட்டு, வெளியே வந்து காபி குடித்துவிட்டுப் போங்கள். கை காய்ந்ததும் அது வழிக்கு வரும்.

மூடியபின் மீதி வேலையை வெளிச்சத்திலேயே செய்யலாம். ஒரு 35 மில்லிமீட்டர் ரோலுக்கு டேங்கில் சுமார் 300 மில்லி வேண்டும்: 150 மருந்து, 150 தண்ணீர். ஊற்றியதும் டேங்கை மேஜையில் இரண்டு தட்டு தட்டுங்கள், காற்றுக் குமிழி விலகும். முதல் பத்து வினாடியில் நான்கு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அடுத்த ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதேபோல் நான்கு முறை. நேரம் முடிந்ததும் கொட்டிவிட்டு ஸ்டாப், பிறகு ஐந்து நிமிடம் ஹைப்போ.

அலசுவதற்குக் குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் நிற்கத் தேவையில்லை. பானைத் தண்ணீரை டேங்கில் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பிப் பத்து முறை. மறுபடி நிரப்பி இருபது முறை. கெட்டிப்படுத்தும் மருந்து சேராத ஹைப்போவாக இருந்தால் இவ்வளவே போதும். மொத்தம் ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும். கடைசியாக ஒருமுறை மட்டும் பேட்டரிக் கடையில் கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர். இங்கே போர்வெல் தண்ணீரில் அலசிக் காயவிட்டால் உப்புப் பொட்டு படத்தின் மேல் நின்றுவிடும், துடைத்தாலும் போகாது. கீழ்முனையில் துணி கிளிப் மாட்டி, குளியலறையிலேயே கதவைச் சாத்திக் காயவிடுங்கள்.

கழுவி முடித்த ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், செடிக்கும் வேண்டாம். படத்திலிருந்து கரைந்த வெள்ளி அதில் இருக்கிறது. தண்ணீரில் உள்ள உயிர்களுக்கு அது விஷம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்கிற பட்டறைகளில் கீழே சிந்திய வெள்ளித் தூளைக்கூடப் பெருக்கி எடுத்து உருக்குவார்கள். அதே வெள்ளியைத்தான் நாமும் கையாள்கிறோம். ஒரு மூடியுள்ள கேனில் சேர்த்து, அதில் இரும்பு நார்ச்சுருள் போட்டு இரண்டு வாரம் விட்டால் வெள்ளி பெரும்பாலும் கறுப்புச் சேறாக நாரில் படிந்துவிடும். அந்தச் சேற்றை வீட்டுக் குப்பையில் கலக்காமல் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

இனி கேமரா

வீட்டில் பழைய கேமரா இருந்தால் அதுவே போதும். பின்மூடியைத் திறந்து, லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை; ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, நடுவில் பரவியிருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். மூடியின் ஓரத்துப் பஞ்சு பிசுபிசுத்துப் போயிருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் புகும். ஷட்டரை ஒரு வினாடியில் வைத்து அழுத்துங்கள். இழுத்து இழுத்து மூடினால் உள்ளே எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கிறது. தையல் மெஷின் எண்ணெயை நீங்களே விட்டுவிடாதீர்கள்.

புதிதாக வாங்குவதென்றால் பென்டாக்ஸ் கே1000, நிகான் எஃப்எம்2 போல பேட்டரி இல்லாமலும் ஷட்டர் வேலை செய்கிறவற்றைப் பாருங்கள். 70களின் சில கேமராக்கள் இப்போது கிடைக்காத 1.35 வோல்ட் பாதரச பேட்டரி கேட்கும். அதற்குக் காதுகேள் கருவிக்குப் போடுகிற 675 எண் பேட்டரி 1.4 வோல்ட், ஏறக்குறைய பொருந்தும், மருந்துக் கடையிலேயே கிடைக்கும். சில வாரங்களில் தீர்ந்துவிடும், பரவாயில்லை.

மீட்டர் கெட்டிருந்தாலும் தயங்க வேண்டாம். நம் ஊர் உச்சிவெயிலில் லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் ஃபிலிம் டப்பாவில் போட்டிருக்கிற ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில். 400 ஃபிலிமுக்கு 500-ல் ஒரு பங்கு வினாடி. திண்ணை நிழலுக்குத் துளையை மூன்று நான்கு படி (எஃப் 11, 8, 5.6, 4 என்று) திறந்துவிடுங்கள். மீட்டரோடு எடுத்தாலும் ஏற்காட்டு மூடுபனியில் மட்டும் அதை அப்படியே நம்பாதீர்கள். பனியின் வெண்மையைப் பார்த்து, ஃபிலிமுக்குக் கொடுக்க வேண்டிய வெளிச்சத்தை அது குறைத்துச் சொல்லிவிடும். ஒரு படி, அடர்ந்த பனியானால் ஒன்றரைப் படி கூட்டிக்கொடுங்கள்; காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் சாம்பல் சேறாக இல்லாமல் வெண்பனிக்குள் நிற்பதாக வரும்.

முதல் ரோலுக்கு ஏற்காடு மலைப்பாதையைத்தான் சொல்வேன். ஒரே பாதையில் எல்லா வெளிச்சமும் கிடைக்கிறது. அடிவாரம் போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் பழைய நுழைவாயில் வளைவு மேல் கடும் வெயில், கொண்டை ஊசி வளைவுகளில் மரநிழல், மேலே பனி. ஒரு சின்ன நோட்டில் படத்துக்கு ஒரு வரியாக எஃப் எண், ஷட்டர், இடம், நேரம் எழுதிக்கொள்ளுங்கள். நெகட்டிவைப் பார்க்கும்போது எந்தக் கணிப்பு சரி, எது தப்பு என்று அந்த நோட்டுதான் சொல்லும். ரோலைக் காரின் டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். மாலையில் வீடு திரும்பியதும் ஆர்வத்தில் அன்றைக்கே கழுவ உட்கார வேண்டாம், கையும் களைத்திருக்கும், தொட்டித் தண்ணீரும் கொதித்துக்கொண்டிருக்கும். பானையில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலை ஐந்து மணிக்குக் கழுவலாம்.